ஸ்பெல்லோ சந்துகளில் தண்ணீர் ஊற்றுவது யார்?

சென்ற இதழில் தொட்டிச் செடிகளுக்கு எரு இடுவது பற்றி எழுதியபோது, இத்தாலியில் ஸ்பெல்லோ என்ற பழைய ஊரில் மக்கள் தெருவிலேயே தோட்டம் போடுகிறார்கள் என்று போகிறபோக்கில் இரண்டு வரி சொல்லியிருந்தேன். எருவைப் பற்றி வந்ததைவிட அந்த இரண்டு வரியைப் பற்றித்தான் கடிதங்கள் அதிகம் வந்தன. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் முழுவதும் ஸ்பெல்லோவுக்கே. ஒரே பொருளில் வந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன், நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

ஸ்பெல்லோ எங்கே இருக்கிறது? நீங்கள் எப்படி அங்கே போனீர்கள்? (கும்பகோணம் வாசகி)

இத்தாலியின் நடுப்பகுதியில், கடல் தொடாத உம்பிரியா மாநிலத்தில் இருக்கிறது. சுபாசியோ மலை 1290 மீட்டர் உயரம். அதன் அடிவாரச் சரிவில் ஒட்டிக்கொண்டு ஏறும் ஊர் இது. புனித பிரான்சிஸ் பிறந்த அசிசி அதே மலையின் இன்னொரு பக்கம், சுமார் 12 கிலோமீட்டர். ரோமானியர் காலத்தில் இதன் பெயர் ஹிஸ்பெல்லும். அவர்கள் கட்டிய கோட்டைவாயில்கள் வழியாகத்தான் இன்றும் மக்கள் கடைக்குப் போய் வருகிறார்கள். வீடுகள் சுபாசியோ மலையின் வெளிர் சிவப்புக் கல்லால் ஆனவை. மழை பெய்து ஓய்ந்ததும் அந்தக் கல் வாடி விழுந்த பூவரசம் பூப்போல ஒரு நிறம் காட்டும். அதை ஒரு முறை பார்த்தவர்களுக்குச் சாம்பல் நிறக் கான்கிரீட்டின் மேல் பிறகு மனம் ஒட்டாது.

என் மகள் பெரூஜாவில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, வாடகை குறைவு என்று ஸ்பெல்லோவில் வீடு எடுத்தாள். இரண்டு கோடையும் ஒரு குளிர்காலமும் அவளுடன் இருந்தேன். விசா விதிப்படி ஒவ்வொரு முறையும் 90 நாளுக்குள். முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தச் சந்தில் இருந்த நாட்களில் மாணவியாகவே இருந்தேன்.

தெருத்தோட்டம் என்கிறீர்களே, அது பூங்காவா, சாலையோரப் பாத்தியா? கண்ணால் பார்ப்பதுபோலச் சொல்லுங்கள். (திருச்சி வாசகர்)

இரண்டும் இல்லை. நாங்கள் குடியிருந்த சந்து எப்படி இருக்கும் என்றே சொல்கிறேன். அங்கே இதை விகோலோ என்பார்கள். இரண்டு பேர் குடை பிடித்துக்கொண்டு எதிரெதிரே வந்தால் ஒருவர் குடையைச் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். தரை கல் பாவியது, ஒரு பிடி மண் கிடையாது. ஏழு வாசல்கள். ஒவ்வொரு வாசலுக்கும் வெளியே நாலைந்து கற்படிகள். அந்தப் படிகளின் சுவரோரப் பாதியில் தொட்டிகள் ஏறும், மறுபாதி மனிதர் ஏற. சுவரில் இரும்பு வளையங்கள் அடித்து அவற்றிலும் தொட்டிகள். எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி வாசலில் மட்டும் 43 தொட்டிகள். நான் எண்ணினேன். சுட்ட மண் தொட்டிகள் பாதி, மீதியில் ஆலிவ் எண்ணெய் வந்த தகர டப்பாக்கள், கைப்பிடி போன அலுமினியப் பாத்திரம், இரண்டு பக்கமும் அடைத்து மண் நிரப்பிய பழைய கூரை ஓடுகள்.

வளையம் அடிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு, அதைப் பாட்டியின் மருமகன் செய்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆணியைக் கல்லில் அடிக்கக் கூடாது. இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள சாந்தில் அடிக்க வேண்டும். சாந்து உதிர்ந்தால் பூசிவிடலாம், கல்லில் விரிசல் விழுந்தால் நானூறு ஆண்டுக் கல் போய்விடும். அவர் முதலில் விரல் கணுவால் சாந்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார், மருத்துவர் முதுகைத் தட்டிப் பார்ப்பது போல. உள்ளே பொக்கையாக ஒலித்த இடங்களை விட்டுவிட்டு, கெட்டியாக ஒலித்த இடத்தில்தான் ஆணி.

இது யார் தொடங்கியது? அரசாங்கத் திட்டமா? (கோவை, நாமக்கல், காரைக்கால் வாசகர்கள்)

நானும் கேட்டேன். “எங்கள் அம்மா வைத்திருந்தாள், அவள் அம்மாவும் வைத்திருந்தாள்” என்றார் பாட்டி. கோட்டைச் சுவருக்குள் நெருக்கிக் கட்டிய ஊரில் வீட்டுக்குக் கொல்லை ஏது? ரோஸ்மேரியும் சேஜ் இலையும் சமையலுக்குத் தினமும் வேண்டும், அதனால் வாசற்படியே கொல்லை ஆயிற்று. பூக்கள் கூட வந்து சேர்ந்தன.

இப்போது ஊரில் ஆண்டுதோறும் ஒரு போட்டியும் உண்டு. ‘பூத்த சன்னல்கள், பால்கனிகள், சந்துகள்’ என்று அதன் பெயருக்குத் தமிழில் பொருள். இதில் எனக்குப் பிடித்தது சந்துக்கென்றே ஒரு பிரிவு இருப்பது. ஒரு சந்து நன்றாக இருக்க வேண்டுமானால் அதிலுள்ள எல்லா வாசலும் நன்றாக இருக்க வேண்டும், எனவே பேசாத பக்கத்து வீடுகளும் பேசியாக வேண்டியிருக்கிறது. எங்கள் சந்தில் இரண்டு வீட்டாருக்குச் சொத்துத் தகராறு. ஆனாலும் மே மாதத்தில் ஒரே மண் மூட்டையை இருவரும் பங்கு போட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

தெரு பொது இடம் அல்லவா? நகராட்சி ஒன்றும் சொல்லாதா? எங்கள் தெருவில் ஒரு துளசி மாடம் வைத்ததற்கே சண்டை வந்தது. (சேலம் வாசகி)

சொல்லும். பொது இடத்தில் பொருள் வைத்தால் அனுமதி வேண்டும், கட்டணமும் உண்டு என்பதுதான் இத்தாலியில் பொது விதி. வாசற்பூந்தொட்டிக்குப் பல சிற்றூர்கள் விலக்கு அளிக்கின்றன. ஆனால் நடைவழியை மறிக்கக் கூடாது. தொட்டி தலையில் விழுந்தாலும், தண்ணீர் வழிப்போக்கர்மேல் சொட்டினாலும் வைத்தவர்தான் பொறுப்பு. 1930-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்திலேயே இதற்கென அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் இருக்கின்றன: 674 வழிப்போக்கர்மேல் எதையும் கொட்டுவதைப் பற்றி, 675 விழக்கூடிய பொருளைக் கவனமின்றி வைப்பதைப் பற்றி.

நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. 2001-இல் இத்தாலி தன் அரசியல் சட்டத்தைத் திருத்தியபோது 118-ஆம் பிரிவில் ஒரு வரி சேர்ந்தது. பொது நலனுக்காக மக்கள் தாமாக முன்வந்து செய்யும் வேலைக்கு அரசும் நகராட்சியும் துணைநிற்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, போலோஞா நகராட்சி 2014-இல் ஒரு விதித்தொகுப்பே இயற்றியது. ஒரு தெரு மக்கள் தங்கள் மூலையில் செடி வைத்துப் பராமரிக்க விரும்பினால், நகராட்சியோடு உடன்படிக்கை எழுதிக்கொள்ளலாம். மண்ணோ கருவியோ காப்பீடோ நகராட்சி எதைத் தரும், மக்கள் எதைச் செய்வார்கள், எத்தனை நாளுக்கு என்று அதில் இருக்கும். அதன் பிறகு இதே மாதிரியில் 200-க்கும் மேற்பட்ட இத்தாலிய நகராட்சிகள் விதி இயற்றிவிட்டன. ஸ்பெல்லோ பாட்டிக்கு இந்தக் காகிதம் எதுவும் தேவைப்படவில்லை. அவர் தலைமுறை கேட்காமலே வைத்தது. ஆனால் ஒருவரையொருவர் தெரியாத பெரிய நகரத் தெருவில் எழுத்து வேண்டியிருக்கிறது. உங்கள் துளசி மாடத்துக்கும் இப்படி ஒரு தாள் இருந்திருந்தால் சண்டை வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

திருட்டுப் போகாதா? (சென்னை வாசகர்)

நான் இருந்தவரை ஒன்று போயிற்று, சின்னக் கற்றாழை. மறுநாள் அதே இடத்தில் பாட்டி இன்னொன்று வைத்தார்.

என்னென்ன செடிகள்? எல்லாப் படங்களிலும் ஒரே சிவப்புப் பூவாகத் தெரிகிறதே. (ஊட்டி வாசகி)

அந்தச் சிவப்பு ஜெரேனியம். உங்கள் ஊர்க்காரர்களுக்கு அது உறவு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வாசனை எண்ணெய்க்காக வளர்த்தது இதே குடும்பத்தின் இன்னொரு இனம். இத்தாலிய சன்னல் என்றாலே ஜெரேனியம் என்று உலகம் நினைக்கிறது, செடியின் தாய்நாடோ தென்னாப்பிரிக்கா. அந்த வறண்ட நிலத்துச் செடி என்பதால்தான் வெயில் அடிக்கும் கல் சுவரில் தொங்கிக்கொண்டு பூக்கிறது. இதைத் தவிரப் பெட்டூனியா, லாவண்டர், நிழலான மூலையில் ஹைட்ரேஞ்சா, வெயில் மூலையில் நம் பத்துமணிப்பூ. பெரிய தொட்டிகளில் அரளிகூட உண்டு.

ஒவ்வொரு வாசலிலும் தவறாமல் இருப்பது பேசில். அதன் தாவரப் பெயரைப் பார்த்தால் நம் திருநீற்றுப்பச்சைதான். இலை அளவும் மணமும் சற்று வேறு, இனம் ஒன்றே. முதல் நாள் அந்த இலையைக் கசக்கி முகர்ந்தபோது எங்கள் ஊர் அம்மன் கோயில் வாசல் நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது. பாட்டி என்னவோ ஏதோ என்று பதறி, உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

ஜெரேனியத்துக்கு ஒரு பகை உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். செடியைப் போலவே பகையும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது, பழுப்பு நிறத்தில் கட்டைவிரல் நகம் அளவே உள்ள ஒரு வண்ணத்துப்பூச்சி. 1990 வாக்கில் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் தென்பட்டு, 1996-இல் ரோமுக்கு வந்துவிட்டது. மொட்டின் அருகே முட்டையிடும். புழு தண்டுக்குள் துளைத்துப் போய்விடும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் பாட்டி என்னைக் கூப்பிட்டு ஒரு தண்டைக் காட்டினார். ஊசி குத்தியது போல ஒரே ஒரு துளை, அதன் விளிம்பில் கடுகில் பாதியளவு கருந்தூள். அதற்கு இரண்டு விரற்கடை கீழே கத்தரியால் வெட்டினார். வெட்டிய துண்டைக் கட்டைவிரல் நகத்தால் பட்டாணித் தோலைப் பிளப்பதுபோலப் பிளந்தார். உள்ளே தண்டின் அதே பச்சையில், முதுகில் இளஞ்சிவப்புக் கோடு ஓடிய ஒரு புழு. அதை நசுக்கிவிட்டு அடுத்த செடிக்குப் போனார். மருந்து அடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் புழு தண்டுக்குள் நுழைந்த பிறகு மேலே தெளிப்பது அதை எட்டாது. தினமும் பார்க்கிற கண்தான் எட்டும்.

தண்ணீர்? 43 தொட்டிக்கும் ஒரு கிழவி ஊற்றுகிறாரா? (மதுரை வாசகி)

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன்.

பாட்டிக்கு 81 வயது. தையல்காரியாக இருந்தவர். ஜூன் முதல் காலை ஆறு மணிக்குப் பச்சை நிறத் தகரப் பூவாளியுடன் வெளியே வருவார். சமையலறைக் குழாயில் பிடித்துப் பதினோரு நடை. ஐந்து லிட்டர்ப் பூவாளி, ஆனால் மூன்று லிட்டருக்கு மேல் பிடிக்க மாட்டார், படி இறங்க வேண்டுமே. ஊற்றுமுன் விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விடுவார். ஈரம் இருந்தால் அந்தத் தொட்டிக்கு அன்று தண்ணீர் கிடையாது. காய்கறி கழுவிய தண்ணீரும் முட்டை வேகவைத்த தண்ணீரும் ஆறியபின் தொட்டிக்குப் போகும். பாஸ்தா வேகவைத்த தண்ணீர் போகாது, அதில் உப்பு உண்டு. நான் தெரியாமல் ஒரு முறை அதை எடுத்துவந்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

தன் வாசலோடு அவர் நிற்பதில்லை. சந்தின் ஏழு வாசலில் நிரந்தரமாக ஆள் இருப்பது நான்கில்தான். மூடிக் கிடக்கும் வீடுகளின் தொட்டிகளுக்கும் அவர்தான் ஊற்றுகிறார். ஒரு வீட்டின் சொந்தக்காரர் ரோமில் இருக்கிறார், ஆகஸ்ட்டில் வருவார். “அவர்கள் வந்து பார்க்கட்டும் என்றா ஊற்றுகிறீர்கள்?” என்று கேட்டேன். “அந்தச் செடியை வைத்தவள் என் தோழி” என்றார். தோழி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன.

இரண்டாம் கோடையில் அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. பூவாளி என் கைக்கு வந்தது. முதல் இரண்டு நாள் அவர் சன்னலிலிருந்து விரலைக் காட்டிக்கொண்டே இருந்தார்: இதற்கு வேண்டாம், அதற்கு இன்னும் கொஞ்சம். மூன்றாம் நாளிலிருந்து சன்னல் திறக்கவில்லை. என் ஆசிரியப் பணியில் வாங்கிய எந்தச் சான்றிதழையும்விட அந்த மூடிய சன்னல் எனக்குப் பெரிது.

சொட்டுநீர்க் குழாய் போட்டுவிடலாமே? (திருப்பூர் வாசகர்)

போட்டிருக்கிறார்கள், பல வீடுகளில். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வசதி, தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் சந்துக்கு மேலே ஒரு வீடு, சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவது. வாசலில் ஆறு தொட்டி, கருப்புக் குழாய், நேரம் வைத்துத் திறக்கும் கருவி. அதில் ஒரு ஹைட்ரேஞ்சா வேர் அழுகிச் செத்துவிட்டது. செத்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் காலை ஏழு மணிக்கு அந்தக் குழாய் அதற்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தது. போர்வை மாற்ற வருகிற பெண் தன் வேலையை முடித்துக்கொண்டு போவாள், தொட்டி அவள் வேலை இல்லை. கடைசியில் சொந்தக்காரர் வந்து அதைப் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் ஜெரேனியம் வைத்தார். அது எனக்குத் தாங்கவில்லை. அந்தப் படியில் வெறும் கல்லாவது தெரிந்திருக்கலாம்.

தொட்டித் தட்டில் தேங்கும் தண்ணீரில் கொசு வராதா? (தூத்துக்குடியிலிருந்து ஒரு மருத்துவர்)

வரும். புலிக்கொசு என்று நாம் சொல்லும் வரிக்கொசு 1990-இல் ஜெனோவாத் துறைமுகத்தில் பழைய டயர்களோடு இத்தாலிக்குள் வந்தது, இன்று அங்கே அது இல்லாத பகுதி குறைவு. 2007 கோடையில் ராவென்னா அருகே காஸ்திலியோனே என்ற சிற்றூரிலும் அக்கம்பக்கத்திலும் 200-க்கும் மேற்பட்டோருக்குச் சிக்குன்குன்யா வந்தது. ஐரோப்பாவில் அப்படி உள்ளூரிலேயே பரவியது அதுவே முதல் முறை. காய்ச்சலோடு முதலில் வந்தவர் கேரளத்திலிருந்து உறவினரைப் பார்க்கச் சென்ற ஒருவர். நமக்கும் அவர்களுக்கும் இடையே தூரம் எவ்வளவு குறைவு, பாருங்கள்.

அதன் பிறகு இத்தாலிய நகராட்சிகள் பல, கோடைதோறும் உத்தரவு போடுகின்றன: தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. பாட்டி தட்டுகளையே எடுத்துவிட்டார். சுவரில் தொங்கும் தொட்டிக்கு மட்டும் தட்டு உண்டு, வழிப்போக்கர்மேல் சொட்டக் கூடாது என்பதற்காக. அதில் மணல் நிரப்பியிருப்பார். மணல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், கொசு முட்டையிடத் தேங்கிய நீர் இருக்காது. இதை நம் வாசகர்கள் எல்லோரும் இன்றே செய்யலாம்.

ஸ்பெல்லோவில் தெரு முழுவதும் பூக்கோலம் போடுகிறார்களாமே? இந்தத் தொட்டிப் பூக்களைத்தான் பறிக்கிறார்களா? (வேளாங்கண்ணி வாசகி)

கோலமேதான். கத்தோலிக்கர்கள் புனித அப்பத்தை வழிபடும் நற்கருணைத் திருவிழா ஞாயிறன்று, மே அல்லது ஜூனில் வரும், சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்குத் தெருவெல்லாம் இதழ்களால் சித்திரம். சனிக்கிழமை பிற்பகல் தொடங்கி விடிய விடியப் போடுவார்கள். ஞாயிறு காலை நற்கருணைப் பவனி அதன்மேல் நடந்து போகும். ஒரு இரவு உழைப்பு அந்த நடையில் கலைவதற்கென்றே போடப்படுகிறது. மார்கழியில் கோலம் போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாயம் கூடாது, எல்லாம் செடியிலிருந்து வந்த நிறமாகவே இருக்க வேண்டும்.

தொட்டிப் பூவை யாரும் தொடுவதில்லை. மூட்டை மூட்டையாக வேண்டிய இதழுக்குச் சுபாசியோ மலைப் புல்வெளிகளில் வாரக்கணக்காகப் பறிக்கிறார்கள். மாலையில் பெண்கள் வாசலில் கூடி உட்கார்ந்து இதழ் வேறு, காம்பு வேறு என்று பிரிப்பார்கள். நானும் உட்கார்ந்தேன். மஞ்சள் நிறக் காட்டுப்பூ ஒன்று, ஜினெஸ்திரா என்பார்கள், அதன் வாசனை இரண்டு நாள் விரலை விட்டுப் போகவில்லை.

குளிர்காலத்தில் எல்லாம் செத்துவிடுமா? (கொடைக்கானல் வாசகர்)

ஜெரேனியம் உறைபனி தாங்காது. வீட்டுக்கு அடியில் உள்ள நிலவறையில், ஒயினும் எண்ணெயும் வைக்கிற இடத்தில், குட்டையாக வெட்டிவைத்து மாதத்துக்கு ஒரு முறை கொஞ்சம் தண்ணீர் காட்டுவார்கள். வாசலில் சைக்லமென் என்ற பூச்செடி வரும். அதற்குக் குளிர் பிடிக்கும்.

திருநீற்றுப்பச்சையும் பேசிலும் ஒன்று என்றீர்கள். என் தொட்டியில் அது சீக்கிரம் பூத்துக் காய்ந்துவிடுகிறது. ஸ்பெல்லோப் பாட்டி என்ன செய்கிறார்? (விழுப்புரம் வாசகி)

பூக்க விடுவதில்லை. நுனியில் மொட்டு நெல்மணியளவு தெரிந்ததும் கிள்ளிவிடுவார். தனி மொட்டை மட்டும் கிள்ளக் கூடாது. அதற்குக் கீழே எதிரெதிராக இரண்டு இலை இருக்கும், அந்த இரண்டு இலைக்குச் சற்று மேலே நகத்தால் கிள்ள வேண்டும். அந்த இரண்டு இலைக் கக்கத்திலிருந்தும் இரண்டு கிளை வரும். பத்து நாளைக்கு ஒரு முறை இப்படிச் செய்தால் செடி குட்டையாக அடர்ந்து நிற்கும். கத்தரி வேண்டாம், கட்டைவிரல் நகம் போதும். விதைக்கு ஒரே ஒரு கிளையைப் பூக்க விடுங்கள்.